போன் ஸ்கேன் நார்மல் என்றால் எலும்பும் நார்மல்தானா?

வாசகி ஒருவர் தம் அண்ணனின் நோயைப் பற்றி நீண்ட கடிதம் எழுதி, சில அறிக்கைகளின் நகல்களையும் இணைத்திருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அண்ணனுக்கு வயது 58. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருகிறார். ஆறு மாதங்களுக்கு முன் தொடங்கிய முதுகுவலியைத் தேய்மானம் என்று எண்ணி, வலி மாத்திரைகளோடு காலம் தள்ளியிருக்கிறார். வலி விடாததால் எலும்பு மருத்துவர் போன் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ‘எலும்பில் புற்றுநோய்ப் பரவலுக்கான அறிகுறி இல்லை’ என்று முடிவு வந்ததும் குடும்பமே நிம்மதியானது. அதன் பிறகும் அவர் தளர்ந்துகொண்டே போனதால் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் 8.9, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.8 என்று வந்தன. ரத்தத்தில் எம் புரதம் என்னும் இயல்புக்கு மாறான புரதம், எலும்பு மஜ்ஜையில் 40 விழுக்காடு பிளாஸ்மா செல்கள் (நோயெதிர்ப்புப் புரதங்களைச் சுரப்பவை) என்று அடுத்தடுத்துத் தெரியவந்து, மல்டிபிள் மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய் உறுதியாகியிருக்கிறது. உடல் முழுவதற்கும் எடுத்த எக்ஸ்ரேயில் மண்டையோட்டில் சந்தேகமான ஒரு புள்ளியைத் தவிர வேறெதுவும் சொல்லப்படவில்லை.

ரத்தவியல் மருத்துவர் இப்போது பெட்-சிடி ஸ்கேன் கேட்கிறார். ‘ஒரு தடவை கதிரியக்க ஊசி போட்டுக்கொண்டு எலும்பில் ஒன்றுமில்லை என்று ஆயிற்று, மறுபடி எதற்கு?’ என்று அண்ணன் மறுக்கிறார். ஸ்கேன் மையம் ஒன்றில் வேலை செய்யும் உறவினர், மிபி ஸ்கேன் போதும், அது அருகிலேயே கிடைக்கும், செலவும் குறைவு என்கிறார். கதிர்வீச்சே இல்லாத எம்ஆர்ஐதான் சிறந்தது என்கிறார் அண்ணி. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அளவு சரியாக இருப்பதால் எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றும், ஆகவே எலும்புக்குப் போடச் சொல்லும் ஊசியும் வேண்டாம் என்றும் வீட்டில் ஒரு கருத்து உலவுகிறது. வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருப்பது இன்னொரு கவலை.

அன்புள்ள சகோதரிக்கு,

எந்த ஸ்கேன் என்ற பேச்சுக்குப் போவதற்கு முன், தள்ளிப்போட முடியாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளை உங்கள் அண்ணன் இன்னமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். மைலோமா செல்கள் சுரக்கும் புரதம் ஏற்கெனவே சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கும் நிலையில் இந்த மாத்திரைகள் அதை மேலும் கெடுக்கும், 1.8 என்ற கிரியாட்டினினில் அவற்றுக்கும் பங்கு இருக்கலாம். இரண்டாவதாக, கால்களில் திடீரென்று பலம் குறைந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனாலோ, சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு தவறினாலோ, எந்த ஸ்கேன் தேதிக்கும் காத்திராமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை. இதில் சில மணி நேரத் தாமதம்கூட நடக்க முடியாத நிலையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

போன் ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

உங்கள் வீட்டில் எழுந்திருக்கும் குழப்பங்கள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவை என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. போன் ஸ்கேனுக்குப் போடும் ஊசியில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமத்தை ஒரு பாஸ்பேட் வகைச் சேர்மத்தோடு இணைத்திருப்பார்கள். எலும்பில் புதிதாகத் தாதுப்பொருள் படியும் இடங்களில் அது போய் ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துக் காமா கேமராவின் கீழே படுக்க வைத்துப் படம் எடுத்தால், எலும்பு எங்கெல்லாம் மும்முரமாகத் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் கரும்புள்ளி தெரியும். மார்பகம், புராஸ்டேட் போன்ற உறுப்புகளின் புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போது, பாதிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி எலும்பு புதிதாகக் கட்டிக்கொள்ள முயல்கிறது. அதனால்தான் அந்த நோய்களில் இந்த ஸ்கேன் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது.

மைலோமாவில் நடப்பதே வேறு. அந்தச் செல்கள் எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுவதோடு, எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களை வேலை செய்யவிடாமல் அடக்கியும் வைத்துவிடுகின்றன. கொத்தனார் நிற்கும் இடத்தை மட்டும் படம் பிடிக்கும் கேமராவிடம், கொத்தனாரே வராத வீட்டில் எந்தச் சுவர் இடிந்தது என்று கேட்டால் அது என்ன சொல்லும்? எலும்பில் துளை விழுந்திருக்கும். ஆனால் அதைச் சுற்றிப் புது எலும்பு படியாததால் ஸ்கேனுக்காகப் போட்ட மருந்தும் அங்கே சேராது. படம் சுத்தமாக இருக்கும். ஆகவே உங்கள் அண்ணனின் போன் ஸ்கேன் அறிக்கையில் தவறு நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அது பார்க்கக்கூடியதைப் பார்த்துச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஸ்கேன் எடுத்த நேரத்தில் மைலோமா என்ற சந்தேகமே யாருக்கும் வந்திருக்கவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். சர்வதேச மைலோமா பணிக்குழுவின் வழிகாட்டுதல்களில் இந்த நோய்க்கான எலும்புப் பரிசோதனையாகப் போன் ஸ்கேனுக்கு இடமில்லாமல் போனதற்கும் இதுவே காரணம்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கதையும் இதேதான். எலும்பிலிருந்து வரும் அந்த நொதியைச் சுரப்பது கட்டும் செல்கள். அவை அடங்கிக் கிடக்கையில் அதன் அளவு ஏன் உயரப்போகிறது? மைலோமா நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, எலும்பு பலமாக அரிக்கப்பட்டிருந்தாலும் அந்த அளவு இயல்பாகவே இருக்கும். அதை எலும்பின் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய போன் ஸ்கேன் அறிக்கையில் எல்லோரும் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு மூன்று வரிகளுக்கு மேலே, ‘முதல் இடுப்பு முள்ளெலும்பில் குறுக்குவாட்டில் லேசாக மருந்து சேர்ந்திருக்கிறது, தேய்மானமாக இருக்கலாம்’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. முள்ளெலும்பு ஒன்று பாரம் தாங்காமல் அமுங்கி உடையும்போதும் பட்டையாக, குறுக்குவாட்டில் இப்படித்தான் மருந்து சேரும். மைலோமாவில் போன் ஸ்கேன் எதையாவது காட்டுகிறது என்றால் அது பெரும்பாலும் உடைந்த இடத்தைத்தான். உடைந்த இடத்தில் எலும்பு ஒட்டிக்கொள்ள முயல்வதால் மருந்து சேருகிறது. படங்களைப் பார்க்காமல் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அண்ணனின் உயரம் குறைந்திருக்கிறதா, முதுகு வளையத் தொடங்கியிருக்கிறதா, அந்த இடத்தில் விரலால் தட்டினால் வலிக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரியையும் தனியே சுட்டிக்காட்டுங்கள். அதுவரை கனமான எதையும் அவர் குனிந்து தூக்க வேண்டாம், பேரனையும்தான்.

எக்ஸ்ரேயில் ஒரே ஒரு புள்ளிதானே என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரிடத்தின் தாதுப்பொருளில் 30 முதல் 50 விழுக்காடு வரை கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் துளை கண்ணுக்குத் தெரியும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு போன்ற இடங்களில், மேலே படியும் குடலும் காற்றும் படத்தை இன்னும் குழப்பும்.

மிபி ஸ்கேன் போதுமா?

உங்கள் உறவினர் சொன்னதை அடியோடு தள்ளிவிட முடியாது. செஸ்டாமிபி என்ற மருந்தை இதயத்தின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கவும், பாராதைராய்டு சுரப்பிக் கட்டிகளைக் கண்டுபிடிக்கவும், ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்களான நாங்கள் அன்றாடம் பயன்படுத்துகிறோம். அது எலும்பின் தாதுப்பொருளில் ஒட்டுவதில்லை. செல்லுக்குள் நுழைந்து மைட்டோகாண்ட்ரியாவில் சேர்கிறது. அதாவது எலும்பின் எதிர்வினையைப் பார்க்காமல் மைலோமா செல்களையே பார்க்கிறது. அந்த வகையில் போன் ஸ்கேனைவிட இந்த நோய்க்குப் பல மடங்கு பொருத்தமானது. மஜ்ஜை முழுக்க நோய் பரவிக் கிடந்தால் நன்றாகவே காட்டும். சர்க்கரை அளவு கூடியிருந்தாலும் அதன் வேலை கெடுவதில்லை.

குறை எங்கே என்றால், நுணுக்கத்தில். காமா கேமராவுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான இடங்களைப் பிரித்துக் காட்டுவது கடினம். மைலோமாவில் 5 மில்லிமீட்டர் துளையே கணக்கில் வரும். இதயம், கல்லீரல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றில் மருந்து இயல்பாகவே நிறையச் சேர்வதால், அவற்றின் பின்னால் இருக்கும் முதுகெலும்பு மறைந்துபோகிறது. உங்கள் அண்ணனுக்கு வலி இருப்பது துல்லியமாக அந்த இடத்தில். போதாக்குறைக்கு, சில புற்றுநோய்ச் செல்கள் மருந்துகளை வெளியே தள்ளும் ஒரு பம்பைத் தம் சவ்வில் வைத்திருக்கின்றன. அவை செஸ்டாமிபியையும் வெளியே தள்ளிவிடும். ஒரே நோயாளிகளுக்கு இரண்டு ஸ்கேனையும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், தனித்தனிக் கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் பெட்-சிடி தெளிவாக முன்னே நின்றது. பெட்-சிடி எந்த வகையிலும் கிடைக்காத இடத்தில் மிபி ஒரு நல்ல மாற்று. கிடைக்கிற இடத்தில், பயணம் கொஞ்சம் தூரம் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பெட்-சிடி: பலமும் பொய்யும்

பெட்-சிடியில் ஃபுளோரின்-18 கலந்த குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசியாகப் போடுகிறார்கள். எஃப்டிஜி என்பது அதன் பெயர். பசியோடு பெருகும் செல்கள் சர்க்கரை என்று எண்ணி அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. செரிக்க முடியாமல் உள்ளேயே தேக்கிவைக்கின்றன. அதே படுக்கையில் எடுக்கப்படும் சிடி, எலும்பில் துளை எங்கே என்று காட்டுகிறது. இரண்டு படங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, துளை இருக்கிறதா, அதில் உயிருள்ள நோய் இருக்கிறதா என்ற இரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கிறது. எலும்புக்கு வெளியே, தசையிலோ கல்லீரலிலோ நோய் குடியேறியிருந்தாலும் தெரிந்துவிடும். அப்படி இருந்தாலோ, எலும்பில் ஒளிரும் கட்டிகள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ நோய் சற்று முரட்டுத்தனமானது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இதுவும் பொய் சொல்லும். கிருமித்தொற்று, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, புதிதாக உடைந்து ஆறிவரும் எலும்பு எல்லாமே சர்க்கரையை இழுக்கும். அதனால்தான் 2014-ல் வகுக்கப்பட்ட நோயறிதல் விதிகள், வெறும் ஒளிர்வை மட்டும் வைத்து எலும்பு நோய் என்று சொல்லக் கூடாது, அங்கே சிடியில் 5 மில்லிமீட்டர் அளவுக்காவது எலும்பு அரிப்பு இருக்க வேண்டும் என்கின்றன. எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. எஃப்டிஜியைச் செல்லுக்குள் பிடித்துவைக்கும் ஹெக்ஸோகைனேஸ்-2 என்ற நொதி சிலரின் மைலோமா செல்களில் மிகக் குறைவு. புதிதாக நோய் கண்ட 227 பேரைக் கொண்டு 2017-ல் வெளியான ஆய்வில் 11 விழுக்காட்டினருக்கு, எம்ஆர்ஐயில் நோய் தெரிந்தும் பெட் படம் வெறுமையாக இருந்தது. ஆகவே பெட்-சிடி நார்மல் என்று வந்தாலும், போன் ஸ்கேன் நார்மலைக் கொண்டாடியதைப் போல இதையும் கொண்டாடிவிடாதீர்கள். அப்படி வந்தால் அடுத்த கேள்வி, ‘எம்ஆர்ஐ வேண்டுமா?’ என்பதாக இருக்க வேண்டும்.

மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டும், சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பியைக் குறிவைத்தும் வேறு பெட் மருந்துகள் வந்திருக்கின்றன. சிலரிடம் அவை எஃப்டிஜி தவறவிட்டதைக் காட்டியிருக்கின்றன. ஆனால் கார்பன்-11 மெத்தியோனினின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், வெறும் 20 நிமிடம் என்பதால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி உள்ள வளாகத்திலேயே ஸ்கேனும் எடுக்க வேண்டும். இணையத்தில் படித்துவிட்டு அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபுளோரைடு பெட் என்று யாராவது சொன்னால், அதுவும் எலும்பு கட்டப்படும் இடத்தைப் பார்ப்பதுதான்; போன் ஸ்கேனின் அடிப்படைக் குறை அதற்கும் உண்டு.

எம்ஆர்ஐ பற்றி அண்ணி சொன்னது

மஜ்ஜையில் நோய் ஊடுருவியிருப்பதை, எலும்பு அரிபடத் தொடங்குவதற்கு முன்பே காட்டுவதில் எம்ஆர்ஐக்கு இணையில்லை. தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்பதற்கும் அதுவே தீர்ப்பு. பிரான்சில் 134 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் கண்ட நேரத்தில் முதுகெலும்பு மற்றும் இடுப்பெலும்பு எம்ஆர்ஐ 95 விழுக்காட்டினரிடமும் பெட்-சிடி 91 விழுக்காட்டினரிடமும் பாதிப்பைக் காட்டின, பெரிய வேறுபாடில்லை. ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகு இரண்டும் பிரிந்து போயின. மூன்று சுற்று மருந்துக்குப் பின் பெட் படம் சுத்தமானவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த காலம் நீண்டது. எம்ஆர்ஐயில் ஏற்பட்ட மாற்றம் அந்த அளவுக்கு எதையும் முன்னறிவிக்கவில்லை. செல்கள் செத்த பின்னும் எம்ஆர்ஐயில் அந்த இடம் பல மாதங்கள் மாறாமல் தெரிவதுதான் காரணம். ஆகவே அண்ணி சொன்னது பாதி சரி. முதுகுவலியும் அந்த முள்ளெலும்புக் குறிப்பும் இருக்கும் நிலையில் முதுகெலும்பு எம்ஆர்ஐ ஒன்று தேவைப்படலாம். அது பெட்-சிடிக்குப் பதிலாக அல்ல, கூடுதலாக. சிறுநீரகம் பலவீனமாக இருப்பதால் படத்தைத் தெளிவாக்கும் கடோலினியம் மருந்து ஏற்றாமலேயே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இந்தத் தேவைக்குப் பெரும்பாலும் முடியும்.

உடல் முழுவதற்குமான குறைந்த கதிர்வீச்சு சிடி என்று ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். சர்வதேச மைலோமா பணிக்குழுவின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பழைய எக்ஸ்ரே வரிசைக்குப் பதிலாக அதையே முதல் பரிசோதனையாக வைக்கிறது. பெட்-சிடியின் சிடி பகுதி தரமாக எடுக்கப்பட்டால் அதுவே இதற்கும் போதும். பெட்-சிடிக்குத் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்றால், சில நிமிடங்களில் முடியும் இந்தச் சிடியை முதலில் எடுத்து, எந்த எலும்பு உடையும் ஆபத்தில் இருக்கிறது என்பதையாவது தெரிந்துகொள்ளலாம்.

சிகிச்சை எதற்கும் காத்திருக்க வேண்டாம்

ஸ்கேனில் எலும்பு நன்றாக இருந்தால் கீமோ தேவைப்படாதல்லவா என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை மென்மையாகக் கலைக்க வேண்டியிருக்கிறது. மஜ்ஜையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ பிளாஸ்மா செல்களும், அவற்றால் ஏற்பட்ட உறுப்புப் பாதிப்பு ஒன்றும் இருந்தால் சிகிச்சை தேவை. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்குவது அத்தகைய பாதிப்புகளில் ஒன்று. அண்ணனுக்கு அது 8.9. எலும்பில் ஒரு துளைகூட இல்லாவிட்டாலும் முடிவு மாறாது. பெட்-சிடி வேண்டியது சிகிச்சை தரலாமா என்று தீர்மானிக்க அல்ல. எங்கே உடையும் ஆபத்து, எலும்புக்கு வெளியே நோய் இருக்கிறதா, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் படம் என்ற மூன்றுக்காகத்தான்.

சிகிச்சையில் பெரும்பாலும் சேரும் டெக்ஸாமெத்தசோன் நோயின் ஒளிர்வை விரைவில் மங்கச் செய்துவிடும் என்பதால் அதற்கு முன்பே ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. ஆனால் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போனாலோ கால்சியம் உயர்ந்தாலோ மருத்துவர் மருந்தை முதலில் தொடங்குவார்; அதைத் தடுக்காதீர்கள். எலும்புக்கான ஊசியும் அப்படித்தான். சிகிச்சை தொடங்கும் மைலோமா நோயாளிகளுக்குப் படத்தில் துளை தெரியாவிட்டாலும் அது பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீரக நிலையைப் பார்த்து ஸோலெட்ரோனிக் அமிலமா டெனோசுமாபா என்று முடிவு செய்வார்கள். முதல் ஊசிக்கு முன் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். பின்னால் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

கதிர்வீச்சும் பேரனும்

அண்ணனின் தயக்கத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையதுதான். அவர் முன்னே சரியான கணக்கு இருக்க வேண்டும், அவ்வளவே. இயற்கையிலிருந்து உலகில் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. போன் ஸ்கேனில் ஏறக்குறைய 4 முதல் 5. பெட்-சிடியில், சிடி எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து 10 முதல் 25 வரை. இதனால் பல ஆண்டுகள் கழித்து இன்னொரு புற்றுநோய் வரும் கூடுதல் வாய்ப்பு மிகச் சிறியது. தெரியாமல் விட்ட ஒரு துளையால் இடுப்பெலும்பு உடைவது இந்த ஆண்டே நடக்கக்கூடியது. மிபியிலும் கதிர்வீச்சு உண்டு என்பதால், அதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய இலாபமில்லை.

ஃபுளோரின்-18 இன் அரை ஆயுள் 110 நிமிடம். காலையில் ஊசி போட்டால் 11 மணி நேரத்தில், அதாவது இரவுக்குள், அறுபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும். சிறுநீரில் வெளியேறுவது வேறு. அன்று மாலை வரை பேரனை மடியில் வைத்துக்கொள்ளாமல் இருக்கட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரும் நெருக்கமாக உட்கார வேண்டாம். மறுநாள் காலையில் எந்தத் தடையும் இல்லை. சிறுநீரகத்துக்கும் எஃப்டிஜியால் கெடுதல் கிடையாது. அயோடின் மருந்து ஏற்றாத சிடியே போதும் என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது

சர்க்கரை நோயாளி என்பதை மையத்திடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பல மையங்கள் திருப்பி அனுப்பிவிடும், ஏனென்றால் ரத்தத்தில் உள்ள சர்க்கரையே எஃப்டிஜியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மெட்ஃபார்மின் குடலை ஒளிரச் செய்து இடுப்பெலும்பைப் பார்ப்பதைச் சிரமமாக்கும். 48 மணி நேரம் நிறுத்தலாமா என்று சர்க்கரை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. முந்தின நாள் கடும் உடலுழைப்பு வேண்டாம். ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும். படுக்கையில் மல்லாந்து கிடப்பது அவருக்கு வலிக்கும் என்றால், என்ன வலி மருந்து தரலாம் என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் அசைந்துவிட்டால் பெட் படமும் சிடி படமும் ஒன்றோடொன்று பொருந்தாது.

இன்னொன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். பெரும்பாலான புற்றுநோய்களுக்கு மண்டையோட்டின் அடியிலிருந்து தொடையின் நடுப்பகுதி வரைதான் ஸ்கேன் எடுப்பது வழக்கம். மைலோமாவுக்கு உச்சந்தலையிலிருந்து பாதம் வரை, கைகளும் உட்பட எடுக்க வேண்டும். அண்ணனுக்குச் சந்தேகப் புள்ளி இருப்பதே மண்டையோட்டில். மூளை இயல்பாகவே பலமாக ஒளிர்வதால் அந்த இடத்தில் பெட் படம் தடுமாறும். சிடியில் மண்டையோட்டைத் தனியே பார்த்து எழுதும்படி பரிந்துரைச் சீட்டில் குறிப்பிடச் சொல்லுங்கள். நோய் மைலோமா என்பது, மஜ்ஜை முடிவு, சாப்பிட்டு வரும் மருந்துகள் ஆகியவையும் அந்தச் சீட்டில் இருக்கட்டும்.

சிகிச்சை முடிந்து எடுக்கும் ஸ்கேனில் சிடி பகுதியில் அதே துளைகள் அப்படியே இருக்கும். பல ஆண்டுகள் இருக்கலாம். அறிக்கையில் அந்த எண்ணிக்கையைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது ஒளிர்வு குறைந்திருக்கிறதா, அது கல்லீரலின் ஒளிர்வைவிடக் கீழே போயிருக்கிறதா என்பதை. கட்டிகளிலும் மஜ்ஜையிலும் அப்படி இறங்கியிருந்தால் அதை நல்ல பலன் என்று நாங்கள் எழுதுகிறோம். வெள்ளணுக்களைப் பெருக்கும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் எடுத்தால் மஜ்ஜை முழுவதும் ஒளிர்ந்து நோய் போலவே தோன்றும், ஆகையால் தேதி குறிக்கும்போது அதையும் சொல்லுங்கள். முடிந்தவரை அதே மையத்தில், அதே கருவியில் எடுங்கள். முதல் பெட்-சிடி படங்களின் நகலை, அறிக்கைத் தாளை மட்டுமல்ல, குறுந்தகட்டில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் ஸ்கேன் படங்களையும் அந்த மையத்திடமிருந்து வாங்கி அதோடு சேர்த்து ரத்தவியல் மருத்துவரிடம் கொடுங்கள்.